தவணை தவணையாகத் தள்ளிப்போகும் விமானம்: காத்திருப்பவர்கள் செய்ய வேண்டியவை

விமானம் பத்து மணி நேரம் தாமதமாகும் என்று யாரும் ஒரே மூச்சில் சொல்வதில்லை. முதலில் 40 நிமிடம் என்பார்கள். அது கழிந்ததும் இன்னும் ஒரு மணி நேரம் என்பார்கள். அதுவும் கழிந்தால் திரையில் புதிய நேரம் ஒன்று வந்து நிற்கும். பத்து மணி நேரம் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் வீட்டிலேயே இருந்திருப்போம், அல்லது ஓர் அறை எடுத்துப் படுத்திருப்போம். தவணையாக வரும்போதுதான் சாப்பிடாமல், தூங்காமல், மருந்தைத் தள்ளிப்போட்டு, கழிப்பறைக்குப் போகக்கூடத் தயங்கி, கேட்டின் எதிரிலேயே உட்கார்ந்துவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரி இரவில், 74 வயதான என் அம்மாவுடன் டெல்லியில் சென்னை விமானத்துக்காகக் காத்திருந்தேன். 8.40 மணிக்குக் கிளம்ப வேண்டியது 9.50 ஆயிற்று; பிறகு 11.30, 1.15, 3.40 என்று போய், காலை 7.20 மணிக்குத்தான் தரையை விட்டு எழும்பியது. ஒவ்வொரு முறையும் "இன்னும் ஒரு மணி நேரம்தான்மா, ஏறினதும் சாப்பிட்டுக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா சர்க்கரை நோயாளி. இரவு மாத்திரையை வழக்கமான நேரத்தில் போட்டுவிட்டார். சாப்பாடு மட்டும் தள்ளிக்கொண்டே போனது. ஒன்றரை மணிக்கு அவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடி நழுவி விழுந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தபோதுதான் விரல்கள் நடுங்குவதையும், அந்தக் குளிரில் நெற்றி வியர்த்திருப்பதையும் பார்த்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு பெண்மணி பையைத் திறந்து கடலை மிட்டாயை எடுத்து நீட்டினார். கால் மணி நேரத்தில் அம்மா தேறிவிட்டார். ஆனால் என் பையிலேயே பிஸ்கட்டும் பழமும் இருந்தன என்பதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அவற்றை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வராதபடி அந்த 'ஒரு மணி நேரம்' செய்துவிட்டது.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிப்பதும், பயணம் கிளம்புகிற எல்லோரிடமும் சொல்வதும் இதுதான்: முதல் தாமத அறிவிப்பு வந்த உடனேயே, இந்த இரவு முழுவதும் இங்கேதான் என்று வைத்துக்கொண்டு எல்லா ஏற்பாடுகளையும் செய்துவிடுங்கள். விமானம் அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

ஒரு தாமதம் ஏன் ஐந்தாகிறது

உள்நாட்டுப் பாதைகளில் ஒரே விமானம் ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை பறக்கிறது. காலையில் முதல் ஊரில் ஒன்றரை மணி நேரம் பிந்தினால், அடுத்தடுத்த ஊர்களில் அந்த நேரத்தை ஈடுகட்ட இடமே இருக்காது. ஏனென்றால் பயணிகளை இறக்கி, சுத்தம் செய்து, எரிபொருள் நிரப்பி, மறுபடி ஏற்றுவதற்குப் பெரும்பாலும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஒதுக்கப்படுவதில்லை. சென்னையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போது 'வானிலை காரணமாகத் தாமதம்' என்று சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. உங்களை ஏற்றிச் செல்ல வேண்டிய விமானம் காலையில் வாரணாசியில் மூடுபனிக்குள் நின்றிருந்தால் அந்தக் காரணம் உண்மைதான்.

வடக்கே டிசம்பர், ஜனவரி மாதங்களில் கங்கைச் சமவெளி முழுவதும் மூடுபனி இறங்குகிறது. டெல்லியில் மிகக் குறைந்த பார்வைத் தூரத்திலும் தரையிறங்க உதவும் 'கேட்டகரி 3' வசதி இருக்கிறது. ஆனால் விமானத்திலும் அதற்கான கருவி இருக்க வேண்டும், விமானிகளும் அதற்கென்று தனிப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அப்படியிருந்தாலும் பாதுகாப்புக்காக இரண்டு விமானங்களுக்கு இடையே விடும் இடைவெளி கூடுவதால், ஒரு மணி நேரத்தில் இறங்கும் விமானங்களின் எண்ணிக்கை குறைந்து, பனி விலகிய பிறகும் வரிசை நீண்டுகொண்டே போகிறது. நம் ஊரில் இதே வேலையைப் போகிப் புகை செய்கிறது. 2018 ஜனவரியில் போகியன்று காலை சென்னையில் ஏராளமான விமானங்கள் இறங்க முடியாமலும் கிளம்ப முடியாமலும் திண்டாடின. புயல் என்றால் விமான நிலையத்தையே மூடிவிடுவார்கள்: 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலிலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலிலும் அப்படித்தான் ஆயிற்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது.

பலருக்குத் தெரியாத இன்னொரு காரணம் பணி நேர வரம்பு. விமானிகளும் பணியாளர்களும் தொடர்ந்து எத்தனை மணி நேரம் பணியில் இருக்கலாம் என்பதற்கு விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏ வரம்பு வைத்திருக்கிறது. பயணிகளோடு சேர்ந்து காத்திருந்தே அவர்களுடைய நேரமும் தீர்ந்துவிடும். அப்போது வானம் தெளிந்து, விமானம் கேட்டில் நின்றாலும், புதிய குழு வந்து சேரும்வரை கிளம்ப முடியாது. நள்ளிரவில் இன்னொரு குழுவை வரவழைப்பது எளிதல்ல. களைத்துப்போன விமானி ஓட்டக் கூடாது என்பதற்காக உள்ள வரம்பு என்பதால் இதில் எனக்குக் குறை ஏதும் இல்லை. 'விமானம்தான் வந்துவிட்டதே' என்று நிம்மதியடைந்துவிடாதீர்கள் என்பதற்காகவே சொல்கிறேன்.

ஆகவே கவுன்டரில் போய் 'எப்போது கிளம்பும்?' என்று கேட்பதால் பயனில்லை. அங்கே இருப்பவருக்கும் திரையில் உள்ள நேரம்தான் தெரியும். 'எங்களுக்கான விமானம் இப்போது எந்த ஊரில் இருக்கிறது? எங்களோடு வர வேண்டிய குழு வந்துவிட்டதா, அவர்களுடைய பணி நேரம் எதுவரை?' என்று கேளுங்கள். முதல் கேள்விக்கான விடையை ஃப்ளைட்ரேடார்24 போன்ற செயலியில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். உங்கள் விமானம் கொல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு வர வேண்டியது, அங்கிருந்து இன்னும் கிளம்பவேயில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பறக்கும் நேரம் இரண்டேகால் மணி, இங்கே இறக்கி ஏற்ற முக்கால் மணி, ஆக மூன்று மணி நேரத்துக்கு முன் நீங்கள் கிளம்ப வழியே இல்லை. திரையில் 'ஒரு மணி நேரம்' என்று இருந்தாலும், மூன்று மணி நேரத்தை உங்கள் கணக்காக வைத்துக்கொண்டு சாப்பாட்டையும் தூக்கத்தையும் முடிவு செய்யலாம்.

டிக்கெட் எடுக்கும்போதும் இது உதவும். தெற்கே ஆண்டின் பெரும்பகுதியில், இரவே வந்து நிற்கும் விமானத்தில் கிளம்பும் அதிகாலைப் பயணம்தான் நம்பகமானது. வடக்கே பனிக்காலத்தில் இது தலைகீழ். முற்பகல் 11 மணிக்கு மேல் கிளம்புவதைத் தேர்ந்தெடுங்கள். மறுநாள் காலை முகூர்த்தம், தேர்வு, விசா நேர்காணல் என்றால் முந்தின இரவின் கடைசி விமானத்தை நம்பவே வேண்டாம்.

முதல் அரை மணி நேரம்

திரையில் முதல் முறை நேரம் மாறியதும் அந்தத் திரையைத் தேதியும் நேரமும் தெரிகிறபடி கைப்பேசியில் படம் எடுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு படம். குறுஞ்செய்திகளையும் மின்னஞ்சல்களையும் அழிக்காதீர்கள். பின்னால் நிறுவனம் 'இரண்டு மணி நேரம்தான் தாமதம்' என்று எழுதினால் உங்களிடம் சான்று இருக்கும்.

அடுத்து, சாப்பிடுங்கள். கையில் இருப்பதைச் சாப்பிடலாம், இல்லையென்றால் வாங்கலாம். மற்ற கேட்டுகளிலும் தாமதம் தொடங்கிவிட்டால் நள்ளிரவுக்குள் கடைகளில் சரக்கு தீர்ந்து, சிப்ஸ் பொட்டலங்கள்தான் மிஞ்சும். நம் வீடுகளில் ரயில் பயணத்துக்குக் கட்டுகிற மிளகாய்ப்பொடி இட்லியைவிடச் சிறந்த உணவை நான் இன்னும் காணவில்லை. நல்லெண்ணெயில் குழைத்த பொடியை இட்லியின் இருபுறமும் தடவி, வாட்டிய வாழையிலையில் இறுக்கிக் கட்டினால் மறுநாள் காலைவரை கெடாது, ஒழுகாது, பாதுகாப்புச் சோதனையிலும் தடை வராது. சட்னி, சாம்பார், எண்ணெய் மிதக்கும் ஊறுகாய் ஆகியவற்றைக் கொண்டுபோனால் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். விலைதான் கவலையென்றால், சென்னை உள்நாட்டு முனையத்தில் 2025-இல் திறக்கப்பட்ட உடான் யாத்ரி கஃபேயில் தேநீர் 10 ரூபாய், சமோசா 20 ரூபாய் என்று தொடங்கினார்கள்.

கைப்பேசியை முழுக்க ஏற்றிக்கொள்ளுங்கள். பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். 20,000 எம்ஏஎச் வரை உள்ளது 74 வாட்-மணி என்பதால் 100 வாட்-மணி என்ற பொதுவான வரம்புக்குள் அடங்கிவிடும். இப்போது பெரிய விமான நிலையங்களில் ஒலிபெருக்கி அறிவிப்புகள் மிகவும் அருகிவிட்டன. கேட் மாறியது தெரியாமல் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். குடும்பமாக இருந்தால் முறை வைத்துக்கொள்ளுங்கள்: ஒருவர் திரையைப் பார்க்க, மற்றவர்கள் தூங்கலாம். தனியாக இருந்தால் பக்கத்தில் அதே விமானத்துக்குக் காத்திருக்கும் இருவரிடம் பேசி எண்களைப் பரிமாறிக்கொள்ளுங்கள்.

அன்று அம்மாவுக்கு நடந்ததால் மருந்து பற்றி மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இரண்டு நாளுக்கான மாத்திரைகள், இன்சுலின், மருந்துச் சீட்டு எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். ஒப்படைத்த பெட்டியில் போனவை பயணம் முடியும்வரை கைக்கு வராது. சாப்பாட்டோடு இணைந்த சர்க்கரை மருந்தை, சாப்பாடு கையில் வந்த பிறகே எடுக்கச் சொல்லுங்கள். 'விமானத்தில் தருவார்கள்' என்ற நம்பிக்கையில் முன்கூட்டியே எடுப்பதுதான் ஆபத்து. நேரம் தவறினால் என்ன செய்வது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். கடலை மிட்டாயோ குளுக்கோஸோ சட்டைப் பையில் இருக்கட்டும். முதியவர்களை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பி நடக்க வைக்க வேண்டும். கால் வீங்கினால் பையை முக்காலிபோல் வைத்துக் காலை உயர்த்தி விடுங்கள். ஏசி குளிருக்குச் சால்வையும் காலுறையும் போதும். சக்கர நாற்காலி கேட்டிருந்தால், தாமதத்தின் நடுவே பணியாளர் மாறும்போது உங்கள் பெயர் விட்டுப்போகும். புதிதாக வருபவரிடம் ஒவ்வொரு முறையும் நினைவூட்டுங்கள்.

கேட்டுப் பெற வேண்டியவை

இந்தியாவில் இதற்கான விதியை டிஜிசிஏ வகுத்திருக்கிறது. நேரத்துக்குச் செக்-இன் செய்த பயணிக்கு, இரண்டரை மணி நேரம் வரை பறக்கும் பயணமானால் 2 மணி நேரத் தாமதத்திலும், இரண்டரை முதல் ஐந்து மணி நேரப் பயணமானால் 3 மணி நேரத் தாமதத்திலும், அதற்கு மேற்பட்டவற்றில் 4 மணி நேரத் தாமதத்திலும் நிறுவனம் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். சென்னை–மதுரை, சென்னை–கோவை போன்றவை முதல் வகை. டெல்லி–சென்னை, சென்னை–சிங்கப்பூர் இரண்டாம் வகை. லண்டன் போன்ற நீண்ட பயணங்கள் மூன்றாம் வகை. உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகுமானால் வேறு விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். இரண்டில் எது என்பது உங்கள் விருப்பம். தாமதம் 24 மணி நேரத்தைத் தாண்டினாலோ, இரவு 8 முதல் அதிகாலை 3 மணிக்குள் கிளம்ப வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ, தேவைப்பட்டால் விடுதி அறையும் போய்வர வண்டியும் உண்டு. இந்த விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், கிளம்பும் முன் டிஜிசிஏ தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மணி நேரத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடைசியாக அறிவித்த நேரத்திலிருந்து எண்ணினால் எல்லாத் தாமதமும் ஒன்றரை மணி நேரமாகத்தான் தெரியும். முதலில் அறிவித்த 8.40 மணியிலிருந்து எண்ணுங்கள். அன்று 8.40 மணி விமானத்துக்கு நள்ளிரவு 2.40 மணிக்கு ஆறு மணி நேரம் கடந்துவிட்டது. அதற்கு ஒரு மணி நேரம் முன்பே, புதிய நேரம் 3.40 என்று திரையில் வந்தபோதே, நான் அறை கேட்டிருக்கலாம். எனக்கு இந்த விதி அப்போது தெரியாது.

பனி, புயல், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு போன்ற, தன் கையில் இல்லாத காரணங்களைக் காட்டி நிறுவனம் விலக்குக் கோர முடியும். அதனால் காரணத்தையும் தாமதத்தையும் எழுத்தில் கேளுங்கள். கவுன்டரிலேயே தாமதச் சான்று தருவார்கள், அல்லது மின்னஞ்சலில் அனுப்புவார்கள். பயணக் காப்பீடு கோரவும் அலுவலகத்தில் காட்டவும் அதுவே உதவும். வானிலை என்று காலையில் சொன்னவர்கள், இரவில் குழு இல்லை என்று சொன்னால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேட்கும் முறையிலும் கவனம் வேண்டும். அன்று கவுன்டரில் இருந்த பெண்ணுக்குக் குரலே போய்விட்டது. நூறு பேர் ஒரே நேரத்தில் கத்தியதில் அவரால் யாருக்கும் எதுவும் செய்ய முடியவில்லை. ஒரு பெரியவர் மட்டும் ஓரமாக நின்று, பிஎன்ஆர் எண்ணை எழுதிய சீட்டை நீட்டி, "காலை 6 மணி விமானத்தில் இரண்டு இடம் இருப்பதாகச் செயலியில் காட்டுகிறது, எங்களை அதில் மாற்ற முடியுமா?" என்று கேட்டார். மாற்றிக் கொடுத்தார்கள். விடையை நீங்களே தேடிக்கொண்டு போனால் அவர் விசைப்பலகையில் தட்டினால் போதும். கவுன்டரில் வரிசையில் நிற்கும்போதே வாடிக்கையாளர் எண்ணுக்கும் அழையுங்கள். எது முதலில் கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

விட்டுவிட்டுக் கிளம்புவதா

சென்னை–கோவை, சென்னை–மதுரை, சென்னை–பெங்களூர் பாதைகளில் தாமதம் மூன்று மணி நேரத்தைத் தாண்டும்போதே ரயிலைப் பற்றி யோசித்துவிடுவது நல்லது. வந்தே பாரத்தில் சென்னையிலிருந்து கோவைக்குச் சுமார் ஆறு மணி நேரம்தான். விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் சென்ட்ரலுக்கும், எதிரே உள்ள திரிசூலத்திலிருந்து மின்சார ரயிலில் எழும்பூருக்கும் போய்விடலாம். டெல்லியிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வருவதற்கு ஒன்றரை நாளுக்கு அருகில் ஆகும் என்பதால் அங்கே அந்த யோசனை வேண்டாம்.

ஆனால் சும்மா எழுந்து போய்விடாதீர்கள். நீங்களாக வரவில்லை என்று பதிவானால் பணம் போவதோடு, அதே பிஎன்ஆரில் உள்ள திரும்பும் டிக்கெட்டும் ரத்தாகிவிடக்கூடும். கவுன்டரில் தாமதத்தைக் காரணமாகக் காட்டி ரத்துச் செய்து, உறுதிச் செய்தி கைப்பேசிக்கு வந்த பிறகு, ஒப்படைத்த பெட்டியைத் திரும்பப் பெற்று வெளியேறுங்கள். பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிய பிறகு நிறுவனப் பணியாளர் ஒருவர் உடன் வந்துதான் வெளியே விட முடியும். வெளிநாட்டுப் பயணமானால் குடியேற்ற முத்திரையையும் ரத்துச் செய்ய வேண்டும். சிறு குழந்தைகள் இருந்தால் இதற்கு ஆகும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விமானத்துக்குள் ஏறி உட்கார்ந்த பிறகு தாமதம் தொடர்வதுதான் எல்லாவற்றிலும் கொடியது. தண்ணீர் கேளுங்கள், எழுந்து நடக்க அனுமதி கேளுங்கள், மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் தயங்காமல் உடனே பணியாளரிடம் சொல்லுங்கள். நீண்ட நேரம் உள்ளேயே சிக்கிய பயணிகளை இறக்கிப் புறப்பாட்டு வாயில் வழியாகவே முனையத்துக்குள் திரும்ப அனுமதிக்கலாம் என்று விமானப் பாதுகாப்புத் துறை 2024-இல் வழி செய்திருக்கிறது.

வழியில் விமானம் மாற வேண்டியவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். மதுரை–சென்னை–சிங்கப்பூர் முழுவதும் ஒரே பிஎன்ஆரில் இருந்தால், முதல் விமானம் பிந்தி இரண்டாவது போய்விட்டாலும் உங்களை ஊர் சேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. மலிவாக இருக்கிறதென்று தனித்தனியாக எடுத்தால், இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் நேரம் தவறிய பயணி மட்டுமே. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்காவுக்குத் தனியாகப் போகும் பெற்றோருக்கு இதில் நூறு டாலர் மிச்சம் பிடிக்காதீர்கள். இடையில் நாலைந்து மணி நேரம் விட்டு ஒரே பிஎன்ஆரில் எடுங்கள். விமான எண், நீரிழிவு போன்ற உடல்நிலை, உங்கள் தொலைபேசி எண் ஆகியவற்றோடு, 'என் விமானம் தவறிவிட்டது, அடுத்ததில் இடம் தாருங்கள்' என்ற வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கையில் கொடுத்தனுப்புங்கள். வழியில் தங்க நேர்ந்தால், விசா இல்லாமல் வெளியே விடுதிக்குப் போக முடியாத நாடுகள் பல உண்டு. விமான நிலையத்துக்குள்ளேயே படுக்க இடம் கேட்கும்படி சொல்லி வையுங்கள்.

ஊர் வந்து சேர்ந்த பின்

தூங்கி எழுந்து, ஒரு வாரத்துக்குள் எழுதிவிடுங்கள். பிஎன்ஆர், விமான எண், அறிவித்த நேரம், உண்மையில் கிளம்பிய நேரம், தந்த காரணம், தராமல் விட்ட உணவு அல்லது அறை, நீங்கள் செலவழித்த தொகை ஆகியவற்றை ஒரு பக்கத்துக்குள் அடக்கி, திரைப் படங்களையும் ரசீதுகளையும் போர்டிங் பாஸையும் இணைத்து, முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் மத்திய அரசின் ஏர் சேவா தளத்தில் பதிவு செய்யுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் அழைக்கலாம். அதிலும் தீராதவர்களுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். டிக்கெட்டுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதிடலாம், வீட்டிலிருந்தே இணையவழியில் தாக்கல் செய்யலாம்.